நான்கு விரல் நீளம்

தொகையீடு முடிந்துவிட்டது சார், என்றேன்.
பதினொன்றாம் வகுப்பு, மே மாதம்,
ஏ.சி. இரைச்சலில் பாதிச் சொல் போய்விட்டது.
முடிந்ததென்றால் திரும்பப் போடு என்றார் பெனடிக்ட் சார்.
போட்டேன். மறுபடியும் போட்டேன்.
அப்புறம் என்ன சார்?
அப்புறம் போர்டு எக்ஸாம்.

அப்புறம் இருந்ததை நானாகத்தான் கண்டேன்,
மங்காஃபில், விரிசல் விழுந்த போன் கண்ணாடிக்கு அடியில்,
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
முதல் பக்கத்தில் எண்களே இல்லை.
ஏதோ சில பொருள்கள். இரண்டைச் சேர்த்தால் இன்னொன்று,
அதுவும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே.
அடைப்புக்குறி எங்கே விழுந்தாலும் விடை மாறாது.
ஒன்று மட்டும் யாரையும் மாற்றாமல் சும்மா இருக்கும்.
ஒவ்வொன்றுக்கும் அதை அந்தச் சும்மாவுக்கே
திருப்பிக் கொண்டுபோக ஒரு துணை.

என்னளா படிக்கிறே, உம்மா இஸ்திரி போட்டபடி கேட்டாள்.
தமிழில் தேடிப் பார்த்துச் சொன்னேன்: குலம்.
நம்மள்ல ஏதுளா குலமும் கோத்திரமும்!
அடுத்தது வளையம், உம்மா. அதுக்கடுத்தது புலம்.
புலம் என்றதும் இருவரும் ஒரு நொடி பேசவில்லை.
அதன் பின்னால் வழக்கமாக வரும் சொல்
இஸ்திரிப் பெட்டியின் ஆவியோடு போனது.

வாப்பாவுக்கு பில் மெஷின் ரிப்பேர்.
பக்காலாக்களில் கழற்றிய ரோல்களின் மிச்சம்
என் மேசைக்கு வரும்.
அதில் பக்கம் இல்லை, மார்ஜின் இல்லை,
யோசனை ஓடினால் காகிதமும் கூடவே ஓடும்.

பதினேழாம் பயிற்சி:
ஒவ்வோர் உறுப்பும் தனக்குத் தானே துணையாக இருக்கும் குலத்தில்
எந்த இரண்டை எந்த வரிசையில் சேர்த்தாலும்
ஒன்றே எனக் காட்டுக.

பதினோரு நாள்.
நான்கு உறுப்பு எடுத்தேன், எட்டு எடுத்தேன்,
அட்டவணை போட்டேன், அட்டவணைக்கு அட்டவணை.
பன்னிரண்டாம் நாள் வந்தேவிட்டது. ஒன்பது முழம்.
நடுவில் இரண்டு இடத்தில் எனக்கே சந்தேகம்.

சுருட்டி ரப்பர் மாட்டி
வேன் டேஷ்போர்டில் வைத்து மறந்தேன்.
ஜூலை. ஐம்பத்தொரு டிகிரி.
மாலையில் எடுத்தால் உள்சுற்று வரை கறுப்பு.
சூடு பட்டால் கறுக்கத்தானே இந்தக் காகிதமே,
என்றார் வாப்பா, தொழில் தெரிந்தவர் குரலில்.
பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு:
வேற ரோல் தரட்டுமா?

சாய்த்துப் பிடித்தால் பென்சில் கோடு மினுங்கியது.
படிக்க முடியவில்லை.
நான் அழவில்லை.
கொஞ்சம் அழுதேன்.

இரவு நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தேன்.
எட்டு உறுப்பு நினைவில் இல்லை. அட்டவணைகள் இல்லை.
மிஞ்சியது இவ்வளவுதான்:
க-வும் வ-வும் சேர்ந்தது, அதுவும் ஓர் உறுப்பு.
உறுப்பென்றால் அதுவும் தனக்குத் தானே துணை.
ஆனால் சேர்ந்ததைப் பிரிப்பதென்றால்
கடைசியில் வந்தது முதலில் கழல வேண்டும்,
முக்காட்டுக்கு முன்னால் ஊசியை எடுக்கிற மாதிரி.
கழற்றினேன்.
கவ = வக.
நான்கு விரல் நீளம்.
இதற்கா பதினோரு நாள் என்று
யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் மாடி நூர்ஹான் தன்தாவில் ஐந்து வரை படித்தவள்.
அவள் கணக்கு வலப்பக்கத்தில் தொடங்கும்,
எக்ஸுக்கு ஸீன் போடுவாள், ஒய்க்கு ஸாத்.
படியில் உட்கார்ந்து துண்டை வாங்கிக்கொண்டாள்.
தமிழ் எழுத்து தெரியாது, உருவம் தெரியும்.
அவள் விரல் வலதிலிருந்து கிளம்பியது.
திருப்பிப் படி, இது இடமிருந்து, என்று சொல்ல வாயெடுத்தேன்.
கடைசி வரியில் விரல் நின்றது.
கவ = வக.
அங்கிருந்து வந்தாலும் அதேதான்.

அவள் பல் தெரியச் சிரித்தாள். எனக்கு ஏனோ வெட்கமாக இருந்தது.

பதினெட்டு இருக்கு, இன்னும் கஷ்டம், என்றேன்.
ரோல் இருக்கா, என்றாள்.