பதினாறு துளை

ஹொரமாவு. பேஸ்மென்ட் இரண்டு.
இரவு பதினொன்றே முக்கால்.
மேலே லாரித் தண்ணீர்
சம்ப்பில் விழும் சத்தம்.
நாற்பத்தேழாம் தூணருகே பானெட்டைத் திறந்து
பேட்டரிக்குச் சிவப்புக் கவ்வி, கறுப்புக் கவ்வி.
சார்ஜர்தான் முதலில்.
எழுதும்போது மின்னழுத்தம் சரிந்தால்
வண்டிக்குத் தன் பெயரே மறந்துபோகும்
என்கிறார்கள் படித்துச் செய்தவர்கள்.
படிக்காமல் செய்தவர்கள்
டோ வண்டிக்குப் போன் செய்கிறார்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே,
முழங்கால் இடிக்கிற இருட்டில்,
பதினாறு துளை.
கேபிளைச் செருகியதும்
எஞ்சின், பிரேக், கதவு, விளக்கு என்று
ஒவ்வொன்றும் எழுந்து ஆஜர் சொல்கிறது.

இருப்பதை இருக்கிறபடி சேமித்தேன்.
"பழசு" என்று பெயர்.
பென்டிரைவில் ஒன்று,
எனக்கே மெயிலில் ஒன்று,
மனசு ஆறாமல்
பால் கணக்கு நோட்டின் கடைசித் தாளில்
பேனாவால் ஒன்று.

விற்ற பொன்னப்பா
"ஒரு குறையும் இல்லை மேடம்" என்றார்.
முப்பத்தோராயிரம் கிலோமீட்டர்வாக்கில்
இடது பின்கதவு
பதினேழு முறை சரியாகச் சாத்தவில்லை என்கிறது வண்டி.
யார் அது,
அத்தனை அவசரமாக இறங்கியது?
அழிக்கவா என்று கேட்டது.
வேண்டாம் என்றேன்,
காரணம் யோசிக்காமல்.

ஒன்றை மாற்று. இறங்கு. பார்.
அப்புறம்தான் அடுத்தது.
சாவியை அழுத்திப் பிடித்தால்
கண்ணாடிகள் இறங்க வேண்டும்.
இறங்கின, நான்கும் ஒன்றாய்,
ஆளில்லாத காரில்.
ரோந்து வந்த போரோ
டார்ச்சைக் கீழே போட்டுவிட்டார்.

காற்றுப்பை என்ற பெயரும் பட்டியலில் உண்டு.
அதைத் திறக்கவில்லை.
உள்ளே இருப்பது வெடி;
எனக்கு ஒரு முகம்தான் இருக்கிறது.

பிரிட்ஜில் ஒட்டிய சீட்டில்
அருள்வரதன் கேட்டது ஒன்றே ஒன்று:
சீட் பெல்ட் சத்தத்தை எடுத்துவிடு,
டின் பேக்டரியிலிருந்து ஹெப்பால் வரை
மண்டையில் ஆணி அடிக்கிறது.

ஒரு கட்டம்தான்.
டிக்கை எடுத்தால் போதும்.
விரல் அங்கே போய் நின்றது.
பக்கத்திலேயே இன்னொரு வரி:
ஒலியளவு, இரண்டு.
நான்கு என்று அடித்தேன்.
எழுது.

கரண்ட் போனது.

சார்ஜரின் பச்சைப் புள்ளி அணைந்தது.
லேப்டாப் வெளிச்சத்தில்
என் இரண்டு கைகள் மட்டும்.
வோல்ட் பன்னிரண்டு புள்ளி ஆறு,
புள்ளி ஐந்து,
எங்கோ ஜெனரேட்டர் இருமுகிறது,
புள்ளி நான்கு.
பால் கணக்கு நோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்,
தாலியைத் தொடுகிறவளைப் போல;
வெட்கமாகத்தான் இருந்தது.

"எழுதப்பட்டது" என்றது திரை.
அதற்கப்புறம்தான் ட்யூப்லைட்டுகள்
ஒவ்வொன்றாய்க் கண் திறந்தன.

காலையில் கேஆர் புரம் பாலம் ஏறும்போதே
வலது கையால் பெல்ட்டை இழுத்துப் பூட்டினான்,
கெட்ட வார்த்தையோடு.
"என்னடி, சத்தம் கூடியிருக்கு?"
பழைய வண்டி, என்றேன்,
ஜன்னல் பக்கம் திரும்பி.