இருநூறுக்குப் போடு

லத்தேரியிலிருந்து முப்பத்தைந்து கேன்,
ஒவ்வொன்றிலும் இருபது லிட்டர்.
பாலாற்றுப் பாலத்தின் நடுவில்,
கீழே மணல், மேலே மே மாதம்,
குட்டியானை ஒரு தடவை விக்கியது.
இன்னொரு தடவை.
அப்புறம் எதுவுமில்லை.

பின்னால் வந்த பஸ் கண்டக்டர்
என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்.

அரை மணி ஆறவிட்டால் தானே கிளம்பும்,
அதுதான் அதன் கெட்ட குணம்.
மெக்கானிக் முன்னால் நிறுத்தினால்
அவ்வளவு நல்ல பிள்ளை.

என்ன நோயென்று தெரிந்துகொள்ள
எங்கெங்கிருந்தோ ரயிலேறி வருகிற ஊர் இது.
என் வண்டிக்கு மட்டும் மூன்று மாதமாய்த் தெரியவில்லை.
சத்துவாச்சாரியில் பிளக் மாற்றினார்கள்,
காகிதப்பட்டறையில் காயில்.
ஃபில்டர் மாற்றியவர்
பெட்ரோலில் தண்ணி கலந்திருக்கு என்றார்,
தண்ணி விற்கிறவனிடம்.

"சூடு ஆறதுக்குள்ள கொண்டாங்க"
என்று போனில் சொன்னான் விருதம்பட்டு முனவ்வர்.
இன்னொரு குட்டியானை கயிறு கட்டி இழுத்துப் போனது.

டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்தான்.
சாவியை மட்டும் போடுங்க, ஸ்டார்ட் வேணாம்.
போட்டேன்.
மறுபடி.
போட்டேன்.
"ரெண்டு செகண்டு ம்ம்னு சொல்லணும். சொல்லல."

கனெக்டரைக் கழற்றி டெஸ்ட் லைட் வைத்தான், எரிந்தது.
"கரண்ட் வருது. வாங்கிக்கத்தான் ஆளில்ல."

ரப்பர் சுத்தியால் டேங்கின் அடியில்
இரண்டு தட்டு.
ம்ம்.
இன்ஜின் பிடித்துக்கொண்டது.
நான் சத்தமாய்ச் சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை, கேஜைக் காட்டினான்:
மூன்றரையில் நிற்கவேண்டிய முள்
ஒன்றரையில் நடுங்கியது.

பேட்டரி வயரைப் பிரித்தான்.
பீடியோடு எட்டிப் பார்த்தவரைத் தெருமுனை வரை துரத்தினான்.
டேங்கை வடித்தபோது
ஒரு பெயின்ட் டப்பாகூட நிறையவில்லை.
வளையத்தைப் பித்தளை உளி வைத்துத் தட்டினான்,
இரும்பு வைத்தால் பொறி பறக்குமாம்.
திரும்பித் திரும்பி, கடைசியில் விட்டது.

வெளியே வந்தது
உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மோட்டார்.
அடியில் வலை, நேற்றைய டீ வடிகட்டி போல.
ஒரு பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

"எப்பவும் எவ்ளோணா போடுவீங்க?"
இருநூறுக்கு.
"காலையிலயா?"
காலையில இருநூறு.
மத்தியானம் வசூலானா இன்னொரு இருநூறு.

"பம்பு பெட்ரோல்ல முங்கிகினே இருக்கணும்ணா.
அதுதான் அதுக்கு ஏசி.
அரை டேங்குக்குக் கீழ விடாதீங்க."
டாக்டர்கள் தினம் பழம் சாப்பிடுங்க என்பார்களே,
அப்படிச் சொன்னான்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.
முப்பத்தைந்து கேனும் கழுத்து வரை.

பம்பு ஐயாயிரத்து நானூறு, கூலி எழுநூறு.
தண்ணி எங்கே தண்ணி எங்கே என்று
தனக்குத் தெரிந்த தமிழில் ஐந்து தடவை கூப்பிட்ட
பாபுராவ் தெரு லாட்ஜ் மேனேஜர் தபன்தான்
அடுத்த மாதக் கேன் காசை ஜிபே போட்டான்.
அவன் லாட்ஜில் ஆபரேஷன் தேதிக்காக
பதினோரு குடும்பம் காத்திருக்கிறது.

புது ரப்பர் வளையத்தில்
ஒரு சொட்டு பெட்ரோல் தடவி உட்கார வைத்தான்.
வடித்ததை வடிகட்டித் திரும்ப ஊற்றினான்.
சாவி போட்டேன்.

ம்ம்.
இரண்டே நொடி.
இத்தனை வருஷம்
இதைக் கேட்காமலா ஓட்டினேன்?

பங்கில் பையன் நாசிலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.
எவ்ளோணா?
அரை டேங்க் என்றால் ஆயிரத்து முந்நூறு.
பையில் இருந்ததை எண்ணினேன்.
எண்ணி முடிக்க நேரமாகவில்லை.
இருநூற்று அறுபதுக்குப் போடு என்றேன்.
அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான்,
ஏதோ எனக்குப் பிரமோஷன் வந்ததுபோல.

பாலத்தை ஒரே மூச்சில் தாண்டினோம்.

முதல் கேனைத் தொட்ட தபன்
கையை உதறிக்கொண்டான்.
தண்ணி சுடுது.

சுடும்.
மத்தியானத்திலிருந்து
வெயிலில் நின்றது அதுதானே.