ஆள் ஒன்று, பெயர் எட்டு

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு நூறடி தள்ளி
மாடியில் என் மேசை.
ஜன்னலோரம் நகர்ந்தால் கேரளம் வரவேற்கிறது,
நாற்காலியைப் பின்னிழுத்தால் தமிழ்நாடு.
காலையிலிருந்து பதினொரு குறுஞ்செய்தி.
நான் எங்கும் போகவில்லை.

இன்றைய வேலை சின்னது.
எங்கோ குளிரூட்டிய அறையில் ஒரு சர்வர்.
அதில் ஒவ்வொரு கோரும்
தன்னை எட்டுப் பேராகப் பதிந்து வைத்திருக்கிறது.
கெர்னல் கணக்கெடுக்க வந்தால்
எட்டுத் தலை எழுந்து நிற்கும்.
அடுப்பு ஒன்றுதான்.
நினைவகத்திலிருந்து எண் வரட்டும் என்று
ஓர் இழை கைகட்டி நிற்கும் நேரத்தில்
இன்னொன்று சட்டியை ஏற்றிவிடும்.
காத்திருப்பு இருக்கும்வரை லாபம்;
எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசித்தால்
ஒருவன் சமைப்பதைவிடத் தாமதம்.

அதற்குத்தான் அளவு.
ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு.
ஒரு கோப்பில் எண்ணை எழுதினால்
மிச்சப்பேர் ஒவ்வொருவராகப் படுக்க வேண்டும்.
படுக்குமுன் கைவேலையை
விழித்திருப்பவனிடம் தள்ளிவிட வேண்டும்,
கதவு தட்டும் குறுக்கீடுகளை
வேறு வாசலுக்கு அனுப்ப வேண்டும்.
முதலாவது இழை மட்டும்
எந்நாளும் படுக்கக் கூடாது.
இதற்கென்றே ஒரு வரி எழுதியிருக்கிறேன்.

கீழே இஞ்ஞாசியின் டயர் கடை.
கேரளப் பட்டியலில் அவர் இக்னேஷ்யஸ் எஸ்.,
சாவடி தாண்டினால் ச. இஞ்ஞாசிமுத்து.
ரேஷன் அட்டை இரண்டு, ஓட்டும் இரண்டு.
"வயிறு ஒண்ணுதானே மேடம்,
அரிசி ரெண்டு பக்கமும் வந்தா வேண்டாம்னா சொல்றது?"
லாரிக்காரனிடம் மலையாளத்தில் விலை பேசுவார்,
மூச்சு வாங்கும் இடைவெளியில்
கடைப்பையனைத் தமிழில் திட்டுவார்,
விட்ட இடத்திலிருந்து விலையைத் தொடர்வார்.
ஒன்று மற்றதில் சிந்தாது.

சிந்தாது என்றா சொன்னேன்?
போன வாரம் ஒரு திருச்சூர்க்காரன்,
தமிழில் ஒரு சொல்லும் தெரியாது,
திட்டு எவ்வளவு நேரம் நீண்டது என்பதை மட்டும் வைத்து
ஜாக் உடைந்திருப்பதைக் கண்டுபிடித்து
முந்நூறு ரூபாய் குறைத்துவிட்டான்.

ஒரு கோரின் இழைகளுக்கும் இதே கதிதான்.
பக்கத்தில் இருப்பவன் எப்போது தாமதித்தான்,
எந்த அலமாரியைக் கலைத்துவிட்டுப் போனான்
என்று எண்ணிக்கொண்டே இருந்தால்
சாவியை எழுத்தெழுத்தாகத் தேற்றிவிடலாம்.
பயந்தவர்கள் ஒன்று என்று எழுதிவிட்டு
பாதி வேகத்தோடு தூங்கப் போகிறார்கள்.

மூன்று மணிக்குச் சோதனை.
எட்டிலிருந்து நான்கு, நான்கிலிருந்து எட்டு.
யாரோ காரணத்தோடு கையால் உறங்கவைத்த
பதின்மூன்றாவதும் எழுந்து உட்கார்ந்துவிட்டது.
உறக்கம் தெரிகிறது கெர்னலுக்கு,
அதன் காரணம் தெரிவதில்லை.
குறித்துவைத்துவிட்டு டீக்கு இறங்கினேன்.

இஞ்ஞாசி பம்பை நிறுத்தியிருந்தார்.
இரட்டைப் பெயர்களை நீக்கும் மாதம்.
இந்தப் பக்கத்து அதிகாரி
அந்தப் பக்கம் இருக்கிறாரே என்று அடித்தார்.
அந்தப் பக்கத்து அதிகாரி
இந்தப் பக்கம் இருக்கிறாரே என்று அடித்தார்.
இரண்டு கையெழுத்துக்கும் ஒரே தேதி.

என் வரியைச் சொன்னேன்:
ஒருவரையாவது விட்டுவைக்கிற வரி.
"அந்த மொத ஆள் யாருன்னு
உங்க மெஷின்ல யார் முடிவு பண்றது?"
பிறந்த வரிசைதான், இஞ்ஞாசி.
அவர் வல்கனைசிங் ரப்பரைக்
கத்தரித்துக்கொண்டே யோசித்தார்.
"பிரசவம் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி.
ஞானஸ்நானம் கொழிஞ்சாம்பாறை.
நடுவுல பஸ்ஸுலதான்
கண்ணைத் தொறந்தேனாம்."

ஒரு லாரி வந்து நின்றது.
பம்பைப் போட்டார்.
டிரைவர் எந்த மொழி என்று
இன்னும் தெரியவில்லை.