இரண்டு வரி

பாதிரியார் இரண்டு வரி கேட்கிறார்.
நாளை நாற்பதாம் நாள்.
வேகவைத்த கோதுமை வெள்ளைப் போர்வைமேல் கிடக்கிறது,
மின்விசிறி முழு வேகத்தில்.
டார்வினின் நவம்பர்ப் புழுக்கத்தில்
எதுதான் உலரும்?

‘உழைப்பாளி. குடும்பத்தை நேசித்தவர்.’
எழுதிப் பார்த்தேன்.
யாருடைய அப்பாவுக்கும் பொருந்துகிறது,
வாடகைக் கோட்டு மாதிரி.

தெமெலிஸ் என்றால் அஸ்திவாரம்.
கலிம்னோஸ் தீவில் தெருவில் நின்று கூப்பிட்டால்
ஏழு பேர் திரும்புவார்கள் என்பாய்.
இங்கே சம்பளக் கவரில் ‘டெம்’ என்று எழுதினார்கள்.
நீ திருத்தவில்லை;
உள்ளே இருந்ததை மட்டும் எண்ணிக்கொண்டாய்.

உன் அப்பா நோமிகோஸ்
பித்தளைத் தலைக்கவசம் மாட்டிக்
கடற்பஞ்சு அறுக்க இறங்கியவர்.
முப்பது பாகம் ஆழத்திலிருந்து
அவசரமாய் மேலே இழுத்தார்கள்.
இடுப்புவரைதான் திரும்பி வந்தார்.
அதனால் நீ கடலுக்கு முதுகு காட்டினாய்.
காட்டிவிட்டு, முப்பத்திரண்டு நாள்
அதன் மேலேயே மிதந்து வந்தாய்.

இங்கே சிமெண்ட் குழைத்தாய்.
வெயில் விழிக்குமுன் ஐந்தரைக்கு லாரி.
மாலையில் உன் புருவத்தைத் தட்டினால்
சாம்பல் பறக்கும்.

அம்மா கலியோப்பி ஒரு புகைப்படத்தை நம்பி வந்தாள்.
படத்தில் உனக்கு மீசை இருந்தது, துறைமுகத்தில் இல்லை.
‘ஏமாற்றுக்காரனுக்கு என் கையால் காபி கிடையாது’ என்றாள்.
ஐம்பத்தோரு வருஷம் போட்டாள்.
கழிப்பறையில் பச்சைத் தவளையைக் கண்டு
முதல் வாரம் முழுக்க அழுதாள்,
இரண்டாம் வாரம் அதற்கு
நாத்தனார் பெயரை வைத்தாள்.

வராந்தாவில் எந்நேரமும்
தீவிலிருந்து வந்த பையன்கள், சீட்டாட்டம், ஈரக் காலுறைகள்.
பதினொரு பேர் ஒரே சமயம் தூங்கியதுண்டு.
கப்பல் கட்டணம் நீ கொடுத்தாய்.
சகெல்லாரிஸ் மட்டும் திருப்பித் தரவில்லை.
அவரோடு பேச்சை நிறுத்தினாய்.
பேசாமலேயே போய்
அவர் வீட்டுக்குத் தரை போட்டுக் கொடுத்தாய்.
ஈரம் காயுமுன் ஒரு நாய் குறுக்கே நடந்தது.
பூசி மறைக்கலாம். விட்டுவிட்டாய்.
‘முதல் விருந்தாளி’ என்றாயாம், அதுவும் சுவரைப் பார்த்து.

பிறகு அந்த கிறிஸ்துமஸ் இரவு.
குளியல் தொட்டியில் நாங்கள் மூவர்,
மேலே மெத்தை, அதன்மேல் நீ.
விடிந்தபோது ஊருக்குக் கூரையில்லை.
மரங்களில் இலையில்லை.
சுவர்கள் யார் யாருடைய தோட்டத்திலோ.
நீ வார்த்த தூண்கள் மட்டும்
வெறும் தரையைத் தலையில் தாங்கி நின்றன,
கூட்டம் வராத நாட்டிய மேடைகளாய்.

மறுநாள் பெண்களையும் குழந்தைகளையும்
விமானத்தில் தெற்கே அனுப்புவதாய் இருந்தது.
மாலை நீ தரைமேல் ஏறினாய்.
ஒடிந்த ஜன்னல் சட்டம் ஒன்று கைத்தடியாக.
ஆண்கள் தோள் கோத்தார்கள்.
கடலில் கால் போனவனின் ஆட்டம் அது;
முன்னால் நிற்பவன் நடுங்க வேண்டும்,
வரிசை அவனுக்காகக் காத்திருக்க வேண்டும்.
உன் முழங்கால் உதறியது.
எனக்கு எட்டு வயது, நடிப்பு என்று சிரித்தேன்.
அம்மா என் வாயைப் பொத்தினாள்.
இசை இல்லை.
யாரோ பெயிண்ட் வாளியைத் தட்டினார்கள்.
சகெல்லாரிஸ்.
நீ அவரைப் பார்க்கவில்லை.
ஆனால் அவர் நிறுத்தும்வரை
நீயும் நிறுத்தவில்லை.

இன்று மாலை அவர் வந்தார், சக்கர நாற்காலியில்.
கோதுமைப் பக்கத்தில் ஒரு கவர் வைத்தார்.
கப்பல் கட்டணம்.
‘வட்டி போடவில்லை’ என்றார்,
‘போட்டால் அவன் எழுந்து வந்து சண்டை பிடிப்பான்.’

பாதிரியாரின் இரண்டு வரியைச் சொன்னேன்.
மடியில் கிண்ணம் வாங்கிக்கொண்டு
மாதுளையைப் பிளந்தார்.
‘பிடிவாதக்காரன். எழுதிக்கொள்.’

எழுதிக்கொண்டேன்.
இரண்டாவது?

விரல்கள் சிவக்க
இன்னும் உதிர்த்துக்கொண்டிருக்கிறார்.