நாலு பத்து, நாலு பதினொன்று

கரைக்கு வராத படகின் வஞ்சிரம்
விலை போயிருந்தது.
விற்றது நாலு பத்துக்கு,
படகு வந்தது நாலு பதினொன்றுக்கு
என்கிறது எங்கள் பதிவு.
கடலூர் முதுநகரில்
ஐஸ் ஃபேக்டரிக்கு மேல் மாடியில் உட்கார்ந்து
ஐந்து முறை அதைப் படித்தேன்.
ஆறாவது முறை படிக்கும்போது
ஏலம் கூறும் தனக்கொடி அக்கா போனில்:
"ஏம்மா, மீனு நடந்தா வந்துச்சு?"

அந்துவான் எழுதிய நிரல்.
புதுச்சேரிக்காரன், இப்போது லியோனில்.
ஒரே ஒரு குறிப்பு விட்டுப்போயிருந்தான்:
"ஏன் ஓடுகிறதென்று தெரியவில்லை. தொடாதே."

ஏழு இழைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன.
படகு வந்ததைச் சொல்ல ஒன்று,
எடைக்கு, ஐஸுக்கு, விலைக்கு.
மீதி மூன்றுக்கும் என்ன வேலை என்று
மூன்று வாரமாய்த் தேடுகிறேன்.

யாருக்குச் செய்தி வந்தாலும்
பூட்டைக் கைக்குள் இறுக்கிக்கொண்டே
வாசல் வாசலாய்ப் போய்ச் சொல்கிறது.
கேட்டவர் பதிலுக்கு வாய் திறக்க
அதே பூட்டு வேண்டும்.
எடை ஐஸுக்காக நின்றது,
ஐஸ் எடைக்காக நின்றது.
ஒரு திங்கட்கிழமை முழுக்க
"நீ முதலில், நீ முதலில்" என்று
திரையில் இரண்டும் மரியாதையாய் உறைந்திருக்க,
கீழே நிஜ ஐஸ்
சாக்கடை வழியே உப்பனாற்றுக்குப் போனது.

அதற்கு மருந்தென்று எந்த மடையனோ
செய்திக்கொரு இழையை அவிழ்த்துவிட்டிருக்கிறான்.
முந்தியவர் சொன்னதே முதல் செய்தி.
அதனால்தான் நாலு பத்து.
யாரென்று பழைய பதிப்புகளைத் தோண்டினேன்.
பிப்ரவரி, இரவு இரண்டரை மணி,
என் பெயர்.

டீ குடித்தேன். மறுபடி குடித்தேன்.

பிறகு பிரித்தேன்.
படகுக்கு ஒரு வரிசை.
சொல்ல வந்தவர் சீட்டை உள்ளே போடட்டும்,
பூட்டை விடட்டும், போகட்டும்.
ஒரே ஆள் ஒவ்வொன்றாய் எடுத்து வாசிக்கட்டும்,
வெறுங்கையோடு.
இந்தப் படகுக்கும் அந்தப் படகுக்கும்
யார் முன் யார் பின் என்ற வழக்கு வேண்டாம்.
ஒரு படகுக்குள் மட்டும்
வந்த பிறகே விற்கவேண்டும்.
அதற்கு மேல் ஒழுங்கு
கடலிலேயே இல்லை.

அந்த மூன்று இழைகளும் அகப்பட்டன.
இரண்டு சும்மா இருந்தன.
மூன்றாவது, நொடிக்கொரு தரம் எழுந்து
அவை இரண்டும் உயிரோடிருக்கின்றனவா என்று பார்த்தது.
நானூற்றுப் பன்னிரண்டு வரிகளை அழித்தேன்,
அந்துவானின் குறிப்பையும்.

புதியது ஓடத் தொடங்கியது விடியல் மூன்றரைக்கு.
வந்தது, எடை, ஐஸ், விலை.
வந்தது, எடை, ஐஸ், விலை.
வெண்ணிலா-இரண்டின் வரிசை மட்டும் காலி.
பிழையா என்று பார்த்தேன், பிழையில்லை.
இன்னும் வரவில்லை என்பதைச் சொல்ல
எங்களிடம் ஒரு நிகழ்வும் இல்லை.
தனக்கொடி அக்கா போன் செய்யவில்லை.
நானும் செய்யவில்லை.
ஜன்னலுக்கும் திரைக்கும் நடுவே
நின்றுகொண்டே இருந்தேன்,
பூட்டில்லாத கையோடு.

ஐந்து நாற்பதுக்கு ஒரு சீட்டு விழுந்தது:
வந்தது.
எடைக்குக் கொஞ்ச நேரமாகும்.