இரண்டு நகர்வுக் கழிவு

ஒட்டுசுட்டான் ஆலையில் எனக்கு இரவு முறை.
முத்தையன்கட்டிலிருந்து ஒரு ட்ரக்டர் தட்டில் ஏறி நிற்கிறது,
பெட்டி நிறைய நெல், நெல்லின் மேல் ஒரு பொடியன் நித்திரை.
அவனை எழுப்பி இறக்கிவிட்டுத்தான் நிறுக்க வேண்டும்.
ஈரம் பதினெட்டு. மூட்டைக்கு மூன்று கிலோ கழிவு.
ஏசுகிறார்கள், கையெழுத்து வைக்கிறார்கள், போகிறார்கள்.

அடுத்தது வருமட்டும்
பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் மடிகணினி.
‘ஆர்’ விசை கழன்றுவிட்டது, பென்சில் முனையால் குத்துவேன்.
இன்றைக்கு நாற்பத்தொரு நிலைகள் என்கிறது மென்பொருள்.
பிழைவிட்டதை நாளைக்கே கேட்கும்.
சரியாகச் சொன்னதை நாலு நாளில், பிறகு பதினொன்றில்,
பிறகு நான் மறக்கத் தொடங்கும் மாதத்தில்,
நுண்கடன் வசூலிக்க வரும் பொடியன் மாதிரி
நாள் பிசகாமல்.

வெள்ளைக்காய்க்கு எல்லாம் ஒழுங்காயிற்று.
கறுப்புக்குத்தான் எட்டு மாதம்.
யாரோ செய்த கோப்பு ஒன்றை இறக்கிப் பார்த்தேன்,
மூவாயிரம் கிளை.
பதினான்காம் நகர்வில் கோட்டை ஏன் ஒரு கட்டம் தள்ளி நிற்கிறதென்று
எனக்கும் விளங்கவில்லை, கோட்டைக்கும் விளங்கியிராது.
முழுவதையும் அழித்தேன்.

பிறகு நானே ஒன்று வைத்தேன்.
அவன் ராசாவின் காலாள் இரண்டு கட்டம் வரும்.
என் குதிரை வெளியே பாயும்.
காலாள் இன்னொரு கட்டம் வந்து முட்டும்.
குதிரை
ஜீ எட்டுக்கே திரும்பும்.

பலகையைப் பார்த்தால் நான் இன்னும் தொடங்கவேயில்லை.
அவன் மட்டும் இரண்டு தரம் ஆடியிருக்கிறான்,
அடுத்ததும் அவனுடையது.
இயந்திரம் சிவப்பில் காட்டுகிறது: ஏறக்குறைய ஒரு காலாள் நட்டம்.
டீ ஐந்து இருக்கிறதே, குதிரைக்கு நல்ல இடம் என்கிறது.
இருக்கட்டும்.
கழிவு எனக்குத் தெரியாத கணக்கா?
ஈர நெல்லையும் அரிசியாக்கித்தான் விற்கிறோம்.

ஆனாலும் நானே வைத்த இந்த நிலையில்தான்
என் கை பிழைவிடுகிறது.
பதினேழு தரம். ஒவ்வொரு தரமும் டீ ஐந்து.
தலைக்குத் தெரிந்தது விரலுக்குத் தெரியவில்லை.

மீள்குடியேற்றப் படிவத்தை அப்பா நிரப்பும்போது
பக்கத்தில் நின்றேன், எனக்குப் பத்து வயது.
முன்னைய முகவரி. தற்போதைய முகவரி.
இரண்டு கோட்டிலும் ஒன்றையே எழுதினார்.
நடுவிலே இருந்ததற்கு
கோடு இல்லை.

முல்லைத்தீவுப் போட்டியில் வங்கி யதுகுலன் எதிரே.
குதிரை திரும்பியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்,
மணிக்கூட்டைப் பார்த்தான்,
மூன்றாம் நகர்வுக்குப் பதினொரு நிமிடம் தின்றான்.
ஐம்பத்திரண்டில் தோற்றேன்.
அது வேறு தவறு, கடைசியில் காலாளை எண்ணிப் பிழைவிட்டது.

காய்களைப் பெட்டிக்குள் போட்டபடி கேட்டான்:
“திரும்பி வாறதெண்டால்
குதிரையை ஏன் வெளியிலை விட்டனீர்?”

அதற்கு நான் எந்தக் கிளையிலும்
பதில் போட்டு வைக்கவில்லை.

ஹோர்ன் அடிக்கிறார்கள்.
அடுத்த பெட்டி தட்டில் ஏறுகிறது.
ஈரம் இருபத்தொன்று.