எழுத்துக்கு இரண்டு ரூபாய்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பத்தொன்பது வருஷமாகப் பாத்திரத்தில்
பேர் வெட்டுகிறேன்.
கல்யாண அண்டா, பள்ளிக்கூடத் தூக்குவாளி,
மாதாவுக்கு நேர்ந்த தட்டு.
என் கடையிலிருந்து என்னையே
வெளியே போகச் சொன்ன முதல் ஆள்
விஜிலா.

கையில் ஒரு எவர்சில்வர் மூடி.
"பன்னிரண்டு வார்த்தை அண்ணா. நானே வெட்டிக்கிடுவேன்.
ஒவ்வொண்ணுக்கும் முதல் நாலு எழுத்து போதும்.
நீங்க பாக்கப்பிடாது."

என்ன எளவு வார்த்தை பிள்ளே?

பம்மத்தில் வீட்டு மாடியிலிருந்து
லாத்வியாக்காரன் ஒருத்தனுக்குப் படம் வரைகிறாள்.
அவன் ரூபாய் தருவதில்லை. காயின்.
"அப்போ காசு போனுக்குள்ளயா கெடக்கு?"
"இல்ல, போன் வெறும் ஜன்னல்.
ஒரு கணக்குப் புத்தகம். உலகம் பூரா
ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி எழுதியிருக்கு.
அதுல சில வரி எனக்குள்ளது.
அந்த வரிய அசைக்க ஒரு சாவி வேணும்.
சாவி பொறக்கது இந்தப் பன்னிரண்டிலேருந்து."

என் முகத்தைப் பார்த்துவிட்டு
எதிரே குருசடியைக் காட்டினாள்.
"காணிக்கைப் பெட்டிக்க வாய் ரோட்டப் பாத்துத் தொறந்து கெடக்கு.
எவனும் போடலாம். அது முகவரி.
எடுக்கணும்னா சாவி.
சாவி வச்சிருக்கவன்தான் பெட்டிக்காரன்,
பேரு யாருக்க பேரானாலும்."

தொலைஞ்சா?
"தொலைஞ்சதுதான்.
மேனேஜர் கெடையாது. மனு கெடையாது.
பாஸ்வேர்டு மறந்துபோச்சான்னு கேக்குற பொத்தானும் கெடையாது.
தாளு நனையும், எரியும். அதான் எவர்சில்வர்."

பின்னே எதுக்கு இந்தப் பாடு என்று நான் கேட்கவில்லை.
சிட்டிக் கம்பெனி ஷட்டர் இறங்கிய அன்று
பாஸ்புக்கோடு மழையில் நின்ற வரிசையில்
அவள் அம்மாவுக்கு மூன்று ஆள் பின்னால்
நானும் நின்றேன்.

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.
மெஷின் தொடங்கியது.

இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.
நேர்கோட்டுக்கு ஊசி சீறும்,
வளைவுக்கு முனகும்,
எழுத்து முடிந்து தூக்கும்போது ஒரு மூச்சு விடும்.
கண்ணை மூடிக்கொள்ளலாம். காதுக்கு ஏது மூடி?
வளைவு. முழு வட்டம்.
வளைவு. முழு வட்டம்.
தேங்காய்!
எழுந்து ரோட்டோரம் நடப்பதற்குள்
அடுத்ததும் வந்துவிட்டது: மீன்.

சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
மூடியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவளிடம்
"முதல்ல இங்கிலீஷ் தேங்காதானே?" என்றேன்.
அவள் முகம் வெளுத்தது.
பிறகு சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து
புதிதாகப் பன்னிரண்டு எடுத்துத் தாளில் எழுதினாள்.
பழைய சாவியால் திறந்து
இருந்ததையெல்லாம் புதியதன் முகவரிக்கு அனுப்பினாள்.
தண்டக் கூலி கொஞ்சம் போச்சாம்.
"ரெண்டு வார்த்தை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது அண்ணா.
ஆனா எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

இன்னொரு மூடி எடுத்துக் கொடுத்தேன்.
இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன்.
திருவனந்தபுரம் வண்டிகள் காதடைக்க ஹாரன் அடித்தன.
ஒரு சாயா, இரண்டு பழம்பொரி,
வேண்டாமலே இன்னொரு சாயா.

திரும்பி வந்தபோது என் தீப்பெட்டியை உரசித்
தாளை எரித்துக்கொண்டிருந்தாள்.
தொண்ணூற்றாறு எழுத்து.
"வெட்டினது நீதானே, கூலி வேண்டாம்" என்றேன்.
"கேக்காம இருந்ததுக்கு" என்று
இருநூறு ரூபாயை வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

பழைய மூடி கடைச் சுவரில் தொங்குகிறது.
கோணல் எழுத்து. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்,
திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை.
மீதி எட்டு ரூபாய் கல்லாவில் கிடக்கிறது,
சரியாக ஒரு வார்த்தையின் விலை.